சூசையம்மாவின் இடுப்பும் லைன் வீடும்

எண்பதுகளின் நடுவில், சேலத்துக்கு மேலே மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராகச் சேர்ந்திருந்தேன். அது என் முதல் காப்பி சீசன். படித்ததையெல்லாம் உடனே செய்து பார்த்துவிடும் அவசரம் எனக்கு.

குழாயடிப் பாசியில் வழுக்கி சூசையம்மா விழுந்துவிட்டதாக ஒரு சாயங்காலம் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர், புருஷன் இல்லை, காப்பிப் பழம் பறிக்கிறவர். ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது தொடையின் மேல்பக்கம் கை வைத்ததும் பல்லைக் கடித்தார். இடுப்பில் எலும்பு முறிந்திருக்கலாம், இன்னும் விலகவில்லை, அசையாமல் சேலம் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்தே நின்றுவிட்டார்.

"நொம்ப வலியில்லை சாமி, நிக்கறன் பாரு. நான் சேலத்துல படுத்துட்டா, காலைல பேரு கூப்புடறப்ப யாரு நிப்பா? ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

வேலைக்கு ஆள் நிற்கும் வரைதான் எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு. அவருக்குப் போக வேறு இடம் கிடையாது.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய் ஜீப் கேட்டேன். வீட்டை எடுக்க மாட்டோம் என்று ஒரு வார்த்தையும் கேட்டேன். ஜீப் காலையில் வரும் என்றார். "உளுந்தது வேலைக் காட்டுலயா, குழாயடிலதானுங்களே? ஊட்டு விசயம் நான் சொல்ல முடியாதுங்க. தொரை வரட்டும்."

காலையில் ஜீப் வருவதற்குள் பெண்கள் வரிசையில் சூசையம்மா நின்றார். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி அவரைத் தாங்கியிருந்தார்கள். நான் தடுக்கப் போனேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

பெயர் கூப்பிட வந்த மேஸ்திரி சிரித்தார். "என்ன சூசையம்மா, ரெண்டு பக்கமும் தோழிங்க. கல்யாணப் பொண்ணா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும். பெயர் கூப்பிட்டதும், "வந்துட்டனுங்க" என்றார்.

காட்டுக்குப் போகும் தடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். தோழிகள் விட்டார்கள். சில அடிகளிலேயே சத்தமில்லாமல் சரிந்தார். வலது கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பிக் கிடந்தது. எலும்பு விலகிவிட்டது.

சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. படுக்கைப் புண், பிறகு நெஞ்சுச் சளி. உயிர் இருக்கும்போதே அந்த வீட்டில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டிவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வயதான பெண் விழுந்தார் என்று சேதி வந்தால் நான் இப்போது முதலில் எஸ்டேட்டை நடத்தும் துரையின் பங்களாவுக்கு ஓடுகிறேன். வீடு போகாது என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் காலைத் தொடுகிறேன். அது இல்லாமல் தொட்டால், வலிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.