தெல்லிப்பழைக்கு வரும் அட்டைகள்

வானொலியின் ஏரியல் கம்பியை வாழைமரத்தில் சுற்றிவிட்டுச் செல்வத்துரை கையைத் தூக்குகிறான். ஸ்ராண்டில் ஏற்றிய சைக்கிளில் இருந்தபடி அக்கா நவமணி மிதிக்கத் தொடங்குகிறாள். போரால் யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வரத் தடை. டைனமோ சுழன்றால்தான் ரேடியோ பேசும்.

"அக்கா, ஒரே சீராய் மிதியணை. ரேடியோக்காரன்ரை குரல் இழுபடுது."

"உன்ரை வெள்ளைக்காரன் எனக்குச் சோறு போடுவானோ?" என்பாள். கால் நிற்காது.

சிற்றலையில் தொலைதூர நிலையங்களைப் பிடிப்பதே அவன் வேலை. கேட்டது என்ன, எவ்வளவு தெளிவு, இடையில் என்ன இரைச்சல் என்று நிலையத்துக்கு எழுதுவான். சரியென்றால், அவன் கேட்டது தங்களைத்தான் என்று உறுதிசெய்து படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். ஊரில் இருந்தபோது ஒருமுறை, இரைச்சலுக்குக் காரணம் குண்டுவீச்சு விமானம் என்று எழுதினான். தொடர்ந்து மகிழ்ச்சியோடு கேட்கும்படி பதில் வந்தது. அந்த அட்டையை மட்டும் எவருக்கும் காட்டமாட்டான்.

சொந்த ஊரான தெல்லிப்பழையை விட்டு ஓடிய அன்று நவமணி தையல் மெசினை விட்டுவிட்டு வந்தாள். அவன் அட்டைகளை விடவில்லை. இன்றைக்கும் அதற்கு ஏச்சு விழும். ஆனால் நீர்வேலியில் அவர்களுக்குக் கொட்டில் போட இடம் தந்த தோட்டக்காரர் தம்பிஐயா அந்த அட்டைகளைப் பார்த்துச் சிரித்தால் நவமணிக்குப் பொறுக்காது.

"நோர்வேக்காரனுக்கும் எங்கடை வீட்டு விலாசம் தெரியும். உங்களை ஆருக்குத் தெரியும்?"

இரண்டு வருடமாக ஓர் அட்டையும் இல்லை. ஊர் இராணுவத்தின் கையில். அவனோ இன்னும் தெல்லிப்பழை விலாசத்தையே எழுதிக்கொண்டிருந்தான்.

"அங்கை வாற காயிதத்தை ஆமிக்காரனிட்டையோ குடுக்கிறது?" என்று தபால்காரர் பிலிப்பு கேட்டேவிட்டார். தம்பிஐயா தன் விலாசத்தைப் போடச் சொன்னார்.

"வேண்டாம் ஐயா. நாங்கள் திரும்பிப் போற ஆக்கள்" என்றான் செல்வத்துரை.

போன கிழமை செய்தி வந்தது: காவலரண் கட்டுவதற்காக அவர்களின் தெல்லிப்பழை வீட்டை இராணுவம் இடித்துவிட்டது.

நேற்றுப் பின்னேரம், பல வருடமாகத் தேடிய பசிபிக் தீவு நிலையமொன்று நூலிழைபோலக் கேட்டது. முழங்கால் கடுக்கக் கடுக்க நவமணி மிதித்தாள். அவன் கேட்டதையெல்லாம் எழுதி முடித்தான்.

"இதுக்காவது நீர்வேலி எண்டு போடு, தம்பி. நான் மிதிச்சதுக்கு ஒரு அட்டை வரட்டும்."

தன் விலாசம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்து பேனை நின்றது. செல்வத்துரை அதன் மூடியைப் போட்டான். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். முத்திரையை ஒட்டி, அது கழன்றுவிடாதபடி பெருவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தான்.