காலில் தடவிய டிஞ்சர்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் கழுத்துத் தழும்பைப் பற்றி ஆளுக்கொரு சமயம் கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்த தப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் நமக்கு வெங்காயக் கொல்லை. அம்மாவின் கழுத்துக் கட்டி கேன்சர் என்று மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்தார்கள். மிச்சமிருப்பதை அழிக்கக் கதிர் வீசும் அயோடினைக் குடிக்கக் கொடுப்பார்களாம்.

"உடம்பு பூரா சுத்தினாலும் கழுத்துச் சுரப்பியோட சதைதான் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். அங்க போய் நோயை அடிக்கும். வேற அயோடின் முந்திக்கிட்டா இதுக்கு இடமிருக்காது. கருவாட்டுலயும் அயோடின் இருக்கு, அது கூடாது, எங்களைக் கேக்காம எந்த மருந்தும் கூடாது" என்றார் டாக்டர்.

கருவாட்டை நிறுத்தினோம். மறுபடி மெட்ராஸ் போக நாலு நாள் இருக்கும்போது, களைக்கொத்து பட்டு அம்மாவுக்குக் கால் கிழிந்துவிட்டது. நான் புண்ணுக்குப் போடும் டிஞ்சர் பாட்டிலை எடுத்தேன்.

"ஏங்க, மருந்து கூடாதுன்னாங்களே?"

"அது குடிக்கிற மருந்து. இது காலுக்குப் போடுறது."

தினம் ரெண்டு வேளை தாராளமாக ஊற்றினேன்.

மெட்ராஸில் முதலில் அந்தக் கதிர் அயோடினைக் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, மறுநாள் கழுத்துக்கு நேரே மெஷினை வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. "மருந்தைப் பிடிக்கவே இல்லையே. ஏதாவது சாப்பிட்டாங்களா, போட்டீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க சார்." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப இவங்களுக்கு இந்த மருந்து பிரயோஜனப்படாது" என்று பேனாவைத் திறந்தார்.

மெஷினுக்கு அடியில் படுத்திருந்த உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை போல. போவதோ அவள் உயிர்.

"சார், காலுக்கு டிஞ்சர் போட்டேங்க" என்றேன்.

டாக்டர் காலில் போட்டிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "அதுவே அயோடின்தான்யா! தோல் வழியா உள்ள போயிருக்கு. நீ மட்டும் சொல்லாம இருந்தா, ஆகாதுன்னு எழுதி அனுப்பியிருப்பேன்." திட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்து, "நீ ஏன்டி சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இன்னொரு நிமிஷம் பார்த்திருப்பேன், அப்புறம் கத்தியிருப்பேன்" என்று சிரித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கழுத்து மருந்தை நன்றாகப் பிடித்தது. முழு மருந்தும் கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். இன்று அவள் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கிறதென்றால், அந்த மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான்.

தெரியாமல் செய்ததைவிட, தெரிந்தே "ஒண்ணுமில்லீங்க" என்றதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. அவளை அறைக்குள் விட்ட அன்று, வராந்தாவில் தனியாக உட்கார்ந்து, அந்த ஒன்றரை மாதத்தில் அவளுக்குக் கொடுத்தது, தடவியது எல்லாவற்றையும், கோயில் விபூதி உட்பட, ஒரு தாளில் எழுதி, யாரும் கேட்காமலே டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.