ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

சட்டையை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், சட்டையைச் சோதிக்க வருகிறவரைச் சோதிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது செக்கிங் அக்காவின் கொள்கை. ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவர். பெற்ற மகளைத் தவிர மற்ற எல்லோரும், கட்டின கணவர் உட்பட, அவரை செக்கிங் அக்கா என்றுதான் சொன்னார்கள்.

சரக்கு வாங்குகிற கம்பெனிகளிலிருந்து சோதனைக்கு ஆள் வருவார்கள். ஒருவர் பொத்தானைப் பிடித்து இழுப்பார், அது முன்ஜென்மத்துப் பகையாளி என்பதுபோல. இன்னொருவர் காலரைப் புரட்டுவார். மூன்றாமவர் கை நீளத்தை அளப்பார், அளந்ததையே திரும்ப அளப்பார். ஆளுக்கு ஒரு கிறுக்கு. அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் அவர்கள் கண்ணில் படாது என்று அக்கா முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பொத்தான்காரர் வரும் அன்று பொத்தானுக்கு இரட்டைத் தையல். காலர்காரர் வரும் அன்று காலருக்கு இன்னொரு தடவை இஸ்திரி. முதுகில் ஓட்டை இருந்தாலும் சரக்கு கப்பலேறிவிடும். அக்கா பார்த்து அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே மேடையில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை சாமர்த்தியமும் மகள் விஷயத்தில் எடுபடவில்லை. ஆறாம் வகுப்பில் அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. காலையில் ஷூ மாட்டும்போது வரும், பள்ளிக்கூட வேன் போனதும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வயிற்றில் வயிறு மட்டும்தான் இருக்கிறது என்றார். அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு நைசாக விசாரித்தார்.

"கேள்வி கேட்டா உக்காருன்னு சொல்றாங்கம்மா. பதில் சொல்லலைன்னா நில்லுன்னு சொல்றாங்க. நாள் பூரா உக்காந்து எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு வயிறு வலிக்குது" என்றாள் மகள்.

அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே கேள்வி கேட்கிற பிள்ளை. அது ஒன்றுதான் அவளுடைய சொத்து என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மகளையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, இனி வீட்டிலேயே படிப்பு என்று அறிவித்தார். ஏசியும் ஃபிரிட்ஜும் பழுதுபார்க்கும் கணவர், "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். அது மூன்று நாள் உயிரோடு இருந்தது. நாலாம் நாள் கணக்குப் பீரியடில் கேஸ் தீர்ந்துபோனது, அறிவியல் பீரியடில் தண்ணீர் லாரி வந்தது. அப்புறம் அட்டவணை சுவரில் இருந்தது, படிப்பு அதன் பாட்டுக்கு நடந்தது. பிரேயர் இல்லை, சீருடை இல்லை. வகுப்பில் ஒரே ஆள் என்பதால் முதல் ரேங்க்கும் அவளே, கடைசி ரேங்க்கும் அவளே. வெங்காயம் உரித்துக்கொண்டே பின்னம் படித்தாள். துணி காயப்போட மாடிக்குப் போனவள் மேகத்தைப் பார்த்து நின்றுவிட, பக்கெட்டிலேயே துணி பாதி காய்ந்தது.

மாடிப்படி வளைவில் அப்பா போட்டுவைத்திருந்த செத்த ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அவர் அதைப் பிரிக்கும்போது அவளும் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"குளிர் எங்கேர்ந்துப்பா வருது?"

"குளிர் எங்கேர்ந்தும் வர்றதில்லடா. உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது, அவ்வளவுதான்."

"வெளியன்னா எங்க?"

அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கூட்டிப்போய் அவள் கையை அந்தச் சுடுகம்பியில் வைத்துக் காட்டினார். அதே யோசனையில் அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, கதவைத் திறந்தே வைத்தால் ரூம் குளிருமா என்று கேட்டாள். "வச்சுத்தான் பாரேன்" என்று அந்த மனுஷன் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாலையில் சமையலறை முன்னைவிடப் புழுங்கியது, பால் கெட்டது, அக்கா இருவரையும் வறுத்தெடுத்தார். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

இப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. சொந்தபந்தம் என்று ஒன்று இருக்கிறதே.

பள்ளிக்குப் போகாத பிள்ளை என்று கேள்விப்பட்டதும் எல்லோருக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது. பள்ளிக்குப் போகிற பிள்ளையை யாரும் வழிமறித்து ஒன்றும் கேட்பதில்லை. கட்டணம் கட்டியிருக்கிறார்கள், எப்படியும் அறிவு வந்திருக்கும் என்று விட்டுவிடுவார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பார்த்தால் மட்டும் சந்தைக்கு வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல ஆளாளுக்கு வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கணவரின் அண்ணன் வந்துவிடுவார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "எங்க சொல்லு, பதினேழு எட்டு எவ்வளவு?" என்பார். கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர், குழாய் பார்க்கிற சாக்கில் மேலே ஏறி வந்து, "ஆஸ்திரேலியா தலைநகரம் எது?" என்பார். சிட்னி என்று சொல்லிவிட மாட்டாளா என்று அவர் முகத்தில் ஓர் ஆசை இருக்கும். எல்லோருக்கும் மேலாகக் கணவரின் அக்கா. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. அவர் கேட்பது பூவின் பாகங்கள்.

முதல் தடவை மகள் திருதிருவென்று விழித்தாள். "பார்த்தியா?" என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குத் தன் தலையில் யாரோ குட்டியதுபோல இருந்தது.

மூன்றாவது வாரம்தான் பொறி தட்டியது. மூன்று பேரும் அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்டார்கள். அட, இவர் பொத்தான்காரர், அவர் காலர்காரர், இந்த அம்மாள் கை நீளம்! அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பாடத்திட்டம் மாறியது. அக்கா சோபாவில் தொப்பையில் கை வைத்து உட்கார்ந்தால் பெரியப்பா, நிலைப்படியில் சாய்ந்து நின்றால் ஹவுஸ் ஓனர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் அத்தை. மகள் ஆளைப் பார்த்ததும் பதிலைச் சொல்ல வேண்டும். கேள்வி முடியும்வரை காத்திருப்பதெல்லாம் மந்தப் பிள்ளைகளின் வேலை.

மகள் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தாள். சொந்தத்தில் அவள் பெயர் மேதை என்று ஆயிற்று. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படி வளைவில் பாதி பிரித்த ஃபிரிட்ஜ் அப்படியே கிடந்து தூசி படிந்ததை அவர் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் போனில் கூப்பிட்டார். "ஏம்மா, எங்க பள்ளிக்கூடத்துல ஏழாவதுல ஒரு சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழமையோட முடியுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம். பிள்ளை நல்லா பதில் சொன்னா உன் இஷ்டம், வீட்டுலயே வச்சுக்கோ. இல்லைன்னா திங்கக்கிழமை என்கூட அனுப்பிடணும். தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

தம்பி தன் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். "சரின்னுட்டேன்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போது தொப்பையில் கை, பல் தேய்க்கும்போது நிலைப்படி, தூங்கப் போகும்போது மூக்குக்கண்ணாடி. மறுபடியும் ஷூ, மறுபடியும் வேன், மறுபடியும் அந்த வயிற்றுவலி, அது மட்டும் கூடாது என்று அக்கா மனசுக்குள் சாமிக்கு வேண்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. கணவருக்கு அன்று பார்த்து எந்த வீட்டு ஏசியும் ரிப்பேர் ஆகவில்லை. வேறு வழியில்லாமல் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தையே முதல்ல கேக்கறேன். பூவோட..."

"புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம்."

"பேஷ்!" என்றார் ஹவுஸ் ஓனர். அவர் அடுத்து வாயைத் திறந்தார்.

"கான்பெரா" என்றாள் மகள்.

ஹவுஸ் ஓனர் திறந்த வாயோடு விழித்தார். "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேம்மா. தண்ணி வேணும்னு சொல்ல வந்தேன்."

மகளுக்கு அந்த வேகத்தில் நிற்கத் தெரியவில்லை. கண் தானாகப் பெரியப்பாவின் தொப்பைக்குப் போனது. "நூத்தி முப்பத்தாறு" என்று சொல்லி முடித்துவிட்டாள். பெரியப்பா அப்போது பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் முறிந்து உள்ளே விழுந்தது.

நாத்தனார் மகளைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். பரீட்சை ஹாலில் காலம் தள்ளியவர். அக்காவின் உதடுகள் 'நூத்தி முப்பத்தாறு' என்று இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மகள் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் அவை அசைந்திருக்கின்றன. அது அக்காவுக்கே தெரியாது.

"நீ கொஞ்சம் சமையலறையில போய் நில்லும்மா" என்றார் நாத்தனார்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் என்ன செய்வார்? போய் நின்றார். வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் காதை மட்டும் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, புதுசா ஒண்ணு கேளுங்க" என்றார் நாத்தனார்.

பெரியப்பா கூரையைப் பார்த்தார். டீக்குள் போன பிஸ்கட்டைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு எப்பவும் அதுதானே வரும்" என்றார் மெல்ல. ஹவுஸ் ஓனரைக் கேட்டால், "ஆஸ்திரேலியாவை விட்டா எனக்கும் ஒண்ணும் தோணல" என்றார். நாத்தனாரும் யோசித்தார். பூவை விட்டால் அவரிடமும் கைவசம் ஒன்றும் இல்லைபோல. தொண்டையைச் செருமிக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"சரி, உன்னையே கேக்கறேன். எங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றியா?"

"அங்க ஒரு கிளாஸ்ல எத்தனை பேரு அத்தை?"

"நாப்பது பேரு."

"அப்ப வர்றேன்" என்றாள் மகள். "அங்க கேள்வி நாப்பது பேருக்கும் பங்கு. இங்க எல்லாம் எனக்கே வருது."

சீலைக்குப் பின்னால் அக்காவுக்கு எல்லாம் கேட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரிதான். யாரிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேலையை விட்டாரோ, அந்த ஆளாகத் தானே ஆகிவிட்டோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. சீலையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

"அங்க போனா மறுபடி வயிறு வலிக்குமேடி?"

"இப்பவும்தான் வலிக்குது" என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

அதற்குப் பிறகு யாரும் டீயைத் தொடவில்லை. அக்கா மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், பரீட்சை எழுதுகிறவர் பக்கம். முதுகில் ஓட்டையோடு எத்தனை சட்டையைக் கப்பலேற்றினோம் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"அண்ணி, எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஞாயித்துக்கிழமை பரீட்சை வைக்கறதில்ல. இனிமே இங்கயும் இல்ல. டீக்கு வாங்க, பேச வாங்க. கேள்வி கேக்க வராதீங்க. நானும் இனி கேக்க மாட்டேன்" என்றவர் மகளிடம் திரும்பினார். "அப்படின்னாலும் போறியா?"

மகள் அம்மாவின் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது அசையவில்லை.

"அப்படின்னா வேணாம்."

"சீட்டு போயிடும், சொல்லிட்டேன்" என்றார் நாத்தனார் தம்பியைப் பார்த்து.

தம்பி ஸ்டூலிலிருந்து எழுந்தார். "போகட்டும்க்கா. டீ ஆறுது, குடி" என்றார். அவர் தன் அக்காவை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். நாத்தனார் அந்த அதிர்ச்சியிலேயே டீயைக் குடித்து முடித்தார்.

எல்லோரும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பெரியப்பாவின் செருப்புச் சத்தம் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா டம்ளர்களை அடுக்கினார். மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஏம்மா, பெரியப்பா எப்பவும் பதினேழையே கேக்கறாரு?"

அக்காவின் கை அப்படியே நின்றது. அவள் ஏன், எதற்கு என்று கேட்டு எத்தனை நாளாயிற்று! பால் கெட்ட அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. சந்தோஷத்தில் டம்ளரைக் கீழே போட்டுவிடுவோமோ என்று இருந்தது.

"எனக்குத் தெரியலடி" என்றார். "ஓடு, அவரையே கேளு."

மகள் ஓடினாள். பாதி பிரித்த ஃபிரிட்ஜில் இடித்துக்கொண்டு, படிகளைத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது. அக்கா ஈரக் கையோடு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே பெரியப்பா ஸ்கூட்டரைக் கிளப்பாமல், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஸ்கூட்டர் சீட்டிலேயே உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்.