சட்டியில் வெடிக்காத ஒரு துளி

போன மாரிமழையில், தவணை விடுமுறைக்குப் பள்ளி மூடிய நாளன்று, பாலாவிப் பக்கம் ரோட்டெல்லாம் வெள்ளம். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு மதுரங்குளிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வாப்பாவின் வேன், வெள்ளத்தின் நடுவே, எஞ்சின் ஓடியும் இழுவையில்லாமல் நின்றுவிட்டது. அவர் உடனே எஞ்சினை நிறுத்தி, டிராக்டரில் கட்டிப் பாலாவிக் கராஜுக்கு இழுத்துப் போனார். தானாகக் கியர் மாறும் அந்த ஓட்டோ கியர் வேன்தான் எங்கள் வீட்டின் ஒரே பிழைப்பு.

கராஜ் பாஸ், கியர் ஒயில் பார்க்கும் கம்பியை உருவினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில், வெள்ளத் தண்ணீர் புகுந்து, பால் கலந்த ரோஜா நிறத்தில் வழிந்தது.

“நானா, இது ஒயில் இல்ல, பலூடா. கசகசா மட்டுந்தான் குறை” என்று வாப்பாவைப் பார்த்துச் சிரித்தவர், கியர் பொக்ஸையே மாற்றச் சொன்னார். வாப்பா சிரிக்கவில்லை. அதை மாற்றுவதென்றால் வேனை விற்பதே மேல்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில் படிக்கிறேன். மாற்ற வேண்டாம், கியர் பொக்ஸைப் புது ஒயிலால் நான் கழுவி எடுக்கிறேன் என்றேன்.

“கழுவ இது பீங்கானா, தங்கச்சி?” என்றார் பாஸ்.

மறுநாள், வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்த வேனில் கியர் பொக்ஸின் அடி நட்டைக் கழற்றி ஒயிலை வடித்தேன். பில்டரை மாற்றிப் புது ஒயில் ஊற்றினேன். கம்பியில் அழகான சிவப்பு. அயல்வீட்டுக்கும் கேட்கும்படி, “முடிஞ்சிது வாப்பா” என்றேன். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் மறுபடியும் பலூடா. வாப்பா கம்பியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதுதான் சுட்டது.

கல்லூரிக் கொப்பியைப் புரட்டியபோதுதான் என் அவசரம் புரிந்தது. அடி நட்டைக் கழற்றினால் பாதி ஒயில்கூட வடியாது. மீதி, எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவிலுள்ள டோர்க் கொன்வெட்டரில் தங்கிவிடும். நிரப்பி, ஓடவிட்டு, கியர்களை மாற்றி மாற்றிப் போட்டு, மறுபடி வடிக்க வேண்டும். எத்தனை தரம்? நிறத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தாயிற்று. ஒயிலில் தண்ணீர் இருந்தால், சூடான தகட்டில் ஒரு துளி விட்டதும் வெடிக்கும் என்று எழுதிவைத்திருந்தேன். உம்மாவிடம் பழைய ரொட்டிச் சட்டியைக் கேட்டேன்.

“படிக்க அனுப்பினது என்ட சட்டிய நாறடிக்கவா?” என்று ஏசிக்கொண்டே முற்றத்து அடுப்பை மூட்டித் தந்தார்.

இரண்டாம் வடிப்பில் ஒரு துளி விட்டேன். சடசடவென்று வெடித்தது. மூன்றாவதில் இரண்டே வெடிப்பு. நான்காம் வடிப்பில் துளியை விட்டபோது உம்மா சட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார்.

“சத்தத்தக் காணல்லியே மகள். புகைதான் வருது.”

புது ஒயில் நிரப்பியதும் வாப்பா வேனை எடுத்தார். பாலாவி வரை போய், அதே கராஜ் வாசலில்தான் நிறுத்தினார். பாஸ் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். சுத்தச் சிவப்பு.

“எங்க புள்ள பலூடா?”

“குடிச்சி முடிச்சிட்டம்” என்றார் வாப்பா. நான் சொல்ல இருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

பள்ளி திறந்த அன்று வேன் வழக்கம்போலப் பிள்ளைகளோடு போனது. இப்போதும் ‘முடிஞ்சிது’ என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், உம்மாவின் சட்டியில் சத்தமில்லாமல் கிடந்த அந்தத் துளியை நினைத்து, இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.