ஏழரை மணிப் பால்

எங்கள் வீட்டில் அந்த ஒரு வருஷம் சண்டை கடிகாரம் பார்த்துத்தான் வந்தது. சாயங்காலம் ஏழரைக்கு இவர் குளித்துவிட்டு, வெளுத்த பனியனோடு ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். கையில் பால் புட்டி, மடியில் எங்கள் மகள். பத்து நிமிஷத்தில் புட்டி காலி, இருபது நிமிஷத்தில் அவள் தூக்கம். எட்டரைக்கு அவளைப் படுக்கையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நாங்கள் அப்படி மல்லுக்கு நின்றோம்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். தெருவுக்கு அவர் மாஸ்டர். மூன்று தெரு தள்ளி இருந்த பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். ராத்திரி ஒன்பதுக்கு மாவு பிசைய ஆரம்பித்தால் விடியும்போது ரொட்டி அடுப்பை விட்டு வெளியே வரும். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். நான் அந்த நேரம் தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். பல் டாக்டரம்மா ஒருவரிடம் எனக்கு உதவியாளர் வேலை. கிளினிக் பக்கத்தில்தான் அக்கா வீடு. பகல் முழுக்க மகள் அங்கே. திரும்பி வர ஏழாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்று பெயர். ஆனால் ரொட்டிக்கு ஏது விடுமுறை? இவர் அன்றும் பகலெல்லாம் போர்வைக்குள்தான். ஆக, அப்பாவும் மகளும் முகம் பார்த்துக்கொள்வது சாயங்காலம் ஒரு மணி நேரம். அதிலும் நான் சமையலறைக்குள் போனால் அவளும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். இவர் ஆசையாகத் தூக்கினால் உதட்டைப் பிதுக்குவாள். புட்டியைக் கண்டால் மட்டும் தத்தக்கா பித்தக்கா என்று நடந்து போய் மடியில் ஏறிவிடுவாள்.

அந்தப் புட்டிக்கு இவர் செய்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். பால் சூட்டை எல்லோரும் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பார்கள். இவர் கை அடுப்பில் வெந்து மரத்துப் போனது, அதற்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அதனால் ஒரு சொட்டைக் கன்னத்தில் விட்டுப் பார்ப்பார். கன்னத்தில் பால் காய்ந்த தடத்தோடு வேலைக்குப் போன நாட்கள் உண்டு. நானும் சொல்ல மாட்டேன், போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு ஒன்றேகால் வயது, எட்டுப் பல். ஒருநாள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பல்லில், ஈறை ஒட்டி, சாக்பீஸால் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. வாயில் பாலோடு தூங்குகிற பிள்ளைகளின் பல் எப்படி ஆகும் என்று தினமும் பார்க்கிறவள் நான். முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. பிடுங்கும்போது தலையை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.

"சாப்பாட்டோட டம்ளர்ல பால் குடுத்துட்டு, பல்லத் துடைச்சுத் தூங்க வைக்கலாங்க" என்றேன்.

"டம்ளர்ல குடிச்சா எறங்கி ஓடிடுவா."

"ஓடட்டுமே. பல்லு போச்சுன்னா உங்க ரொட்டியக்கூட அவளால கடிக்க முடியாது, பாத்துக்கங்க."

"என் ரொட்டியக் கடிக்கப் பல்லு எதுக்கு?" என்றார். தொழில் பேச்சு வந்தால் மட்டும் மனிதருக்கு வாய் நீளம்.

இப்படியே மாசக்கணக்கில் ஓடியது. நான் கத்துவேன், இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் புட்டியைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். இவர் எழுந்து எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அதையும் எடுத்துட்டா அவ எங்கிட்ட எதுக்கும்மா வருவா?"

"பெத்த அப்பாகிட்ட வராம எங்க போவா? பேச்சப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். புட்டியைத் திருப்பிக் கொடுத்தும்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைப் போட்டுப் பிறாண்டியது. நான் போகச் சொன்னால் அவள் இவரிடம் போவாளா என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் புலம்பினேன். அவர் சொன்னார்: "ஒரேயடியா நிறுத்தாத. டம்ளர்ல தனியா குடுத்துப் பழக்கு. புட்டில மட்டும் தினம் ஒரு ஸ்பூன் பாலைக் குறைச்சு ஒரு ஸ்பூன் தண்ணியச் சேரு. ஒன்றரை மாசத்துல வெறும் தண்ணியாயிடும். குழந்தைக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது."

டம்ளர் சமாச்சாரம் என் மண்டையில் ஏறவே இல்லை. 'மாஸ்டருக்கும் தெரியாது' என்பது மட்டும் கல்வெட்டாகப் பதிந்தது. அன்று முதல் பாலைக் காய்ச்சி இறக்கியதும் பாத்திரத்திலேயே தண்ணீர் கலந்தேன். இவர் வந்து அதைப் புட்டியில் ஊற்றிக்கொள்வார். நான் வாயைத் திறப்பதில்லை. இவரும் முறைப்பதில்லை. வீடு அவ்வளவு அமைதியாக அதற்கு முன்பு இருந்ததே கிடையாது. நமக்கும் சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்குள் ஒரே பெருமை.

மகள் மட்டும் விடியுமுன்பே எழுந்து பசி பசி என்று ஊரைக் கூட்டினாள். உருண்டைக் கன்னம் கொஞ்சம் வற்றியது. நடக்க ஆரம்பித்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொன்னாள், நானும் நம்பினேன்.

அடுத்த தடுப்பூசிக்கு இரண்டு பேருமாகக் கூட்டிக்கொண்டு போனோம். இவர் தூக்கக் கலக்கத்தோடு நின்றார். எடை பார்த்த நர்ஸம்மா முள்ளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா ஏறவே இல்லையே. பால் குடுக்கறீங்களா?"

"குடுக்கறோம்" என்றோம் ஒரே குரலில்.

"தண்ணி கிண்ணி கலக்கறீங்களா?"

"இல்லையே." இதுவும் ஒரே குரலில்தான் வந்தது. இவர் சுவரைப் பார்த்தார். நான் எடை மெஷினைப் பார்த்தேன்.

"பால்காரர்தான் கலக்கறாரோ என்னமோ" என்றார் இவர்.

"இந்தக் காலத்துல யார நம்ப முடியுது?" என்றேன் நான். அந்தப் பாவம் இன்னும் என் தலைமேல்தான் இருக்கிறது.

"அப்ப நேராப் போய் அவரக் கேளுங்க. பச்சப் புள்ள விஷயம்" என்று நர்ஸம்மா விரட்டினார். சொன்ன பொய்யை இரண்டு பேராலும் விழுங்க முடியவில்லை. பால்காரர் கடைக்கு இவர் முன்னால் விறுவிறுவென்று நடக்க, நான் பின்னால் போனேன்.

பால்காரர் ஆறு வருஷப் பழக்கம். இவர் தொண்டையைக் கனைத்து, இழுத்து இழுத்து, விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. ஒரு பாத்திரம் பாலை எங்கள் கண்முன் காய்ச்சி ஆற வைத்தார். ஆடை தடிமனாகக் கட்டியது. கரண்டியால் அதைத் தூக்கிக் காட்டினார். "மாஸ்டர், இதுல தண்ணி எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அதற்குள் மகள் பாத்திரத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டு, மூக்கெல்லாம் பாலோடு, இன்னும் வேண்டும் என்று காலி டம்ளரை நீட்டினாள். இரண்டாவது டம்ளரையும் குடித்தாள். எனக்குத் தாங்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்ததுமே சொல்லிவிட்டேன்.

"நான்தாங்க கலந்தேன். தினம் ஒரு ஸ்பூன்."

இவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "நீயுமா?"

குட்டு அங்கேதான் உடைந்தது. நான் கலந்ததன் மேல் இவரும் கலந்திருக்கிறார், அதே போல் நாளுக்கு ஒரு ஸ்பூன். புட்டியில் பால் வெளிறிக்கொண்டே வந்தது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. தன் கைவரிசை என்று அவரவர் நினைத்துக்கொண்டோம்.

"நீங்க எதுக்குங்க கலந்தீங்க?"

"அன்னைக்கு வீட்டுச் சாவிய மறந்துட்டுப் போயிட்ட, கிளினிக்ல குடுக்க வந்தேன்ல? கதவு பாதி தெறந்திருந்துச்சு. உள்ள ஒரு சின்னப் புள்ள. அது தலைய நீ புடிச்சிட்டிருந்த. அது போட்ட சத்தம்..." மகளின் மூக்கில் ஒட்டியிருந்த பாலைத் துடைத்துவிட்டார். "நம்ம பாப்பா அந்த நாற்காலில உக்காரக் கூடாது."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ ஜெயிச்சதா ஆயிடுமே."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இவரும் சிரித்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு இவரே சொன்னார்: "நாளைலேருந்து புட்டி வேணாம். டம்ளர்லயே குடு."

மறுநாள் சாப்பாட்டோடு முழுப்பாலாக ஒரு டம்ளர் குடித்தாள். நான் பல்லைத் துடைத்துவிட்டேன். ஏழரைக்கு இவர் வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்தார், வெறுங்கையோடு. மகள் ஓடிப் போனாள். இரண்டு கையையும் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்துவிட்டாள். இவர் எட்டு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார். அடுத்த நாள் அவள் நாற்காலிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"ஏதாவது பொம்மையக் காட்டிக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"அப்புறம் அது பொம்மைக்கு வந்ததாத்தானே ஆகும்?"

ஆறாம் நாள் என் பிடிவாதம் கரைந்துவிட்டது. ஏழரைக்குப் பாலைச் சூடு பண்ணிப் புட்டியில் ஊற்றி நானே கொண்டுபோய் நீட்டினேன். பல்லாவது ஒன்றாவது, இவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இவர் வாங்கவில்லை. "எடுத்துட்டுப் போம்மா. இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றார். பிறகும் உட்கார்ந்துதான் இருந்தார். தினமும் கையைக் கழுவிக்கொண்டு, பனியனை மாற்றிக்கொண்டு, யாரும் வராத மடியோடு ஒரு மணி நேரம். மகாராஜாவுக்கு என்ன வீம்பு என்று வெளியே திட்டினேன். உள்ளுக்குள் அழுகையாக வந்தது.

பதினேழாம் நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் பாத்திர மூடிகளைத் தரையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, மூடியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். இவர் முழங்காலைப் பிடித்து ஏறினாள். கையைப் பார்க்கவே இல்லை. பனியனில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். இவருக்கு அவளை அணைக்கக்கூடப் பயம். இரண்டு கையையும் நாற்காலிப் பிடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் மடித்த துணி எது, மடிக்காத துணி எது என்று தெரியவில்லை.

எட்டரை ஆயிற்று. அவள் நன்றாகத் தூங்கிவிட்டாள். "மணியாச்சுங்க, எங்கிட்டக் குடுங்க" என்று கையை நீட்டினேன். இவர் தலையை ஆட்டிவிட்டார். ஒன்பதுக்கு மறுபடி போனேன். கண்ணாலேயே விரட்டினார். பத்தேகாலுக்குத்தான் எழுந்தார்.

மறுநாள் காலை தெருவுக்கே ரொட்டி வர ஒன்றரை மணி நேரம் தாமதம். பையும் கையுமாகப் பேக்கரி வாசலில் ஒரு கூட்டமே நின்றதாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போயினவாம். நான் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரர் என் வாசலுக்கே வந்து சண்டை பிடித்தார். "என்னம்மா, உங்க மாஸ்டர் தூங்கிட்டாரா?"

"தப்புதாங்க" என்றேன். "எங்க மேல தப்புதான்." என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் தப்பை ஒப்புக்கொண்டதில்லை.