எல்லைக் கல்லின் மடியில்

இந்த ஜெர்மன் கிராமத்தில் புல்வெளிக்குக்கூடப் பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டு ரெனாட்டே அம்மையார் நாயோடு கிளம்பும்போது, ஓநாய்க்குழி வரைக்கும் போய்வருகிறேன் என்பார். அங்கே ஓநாயும் இல்லை, குழியும் இல்லை. சரிவான புல்வெளி, அடியில் ஓர் ஓடை. குழி என்றைக்கோ தூர்ந்துவிட்டது, பெயர் தூரவில்லை. மலேசியாவில், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது அதிசயம்தானே? எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் வெறும் நம்பர்தான். ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகி, அதுவும் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பாகிவிட்டது. இன்று அங்கே போய்ப் பத்தாம் நம்பர் எங்கே என்றால் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைக் காட்டுவார்கள்.

கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு, விளிம்பெல்லாம் காடு, நடுவில் தேவாலயம். ஊர் போரில் எரிந்திருக்கிறது, கொள்ளைநோயில் காலியாகியிருக்கிறது, ஆட்சியாளர்களும் மாறியிருக்கிறார்கள். காட்டோரத்து எல்லைக் கற்கள் மட்டும் அசையவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே கூடி, கற்கள் நிற்கின்றனவா என்று நடந்து பார்த்துவருகிறது. கிரென்ஸ்காங் என்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவரை இரண்டு பேர் தூக்கிக் கல்லின்மேல் பொத்தென்று உட்காரவைப்பார்கள்; அதன் பிறகுதான் அவர் ஊர்க்காரர். கமுந்திங் தொழிற்சாலையிலிருந்து மாற்றலாகி வந்து, குளிர்காலங்களைத் தனியாளாகக் கழித்த எனக்கு, அப்படி ஒருமுறை உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

இந்த ஆண்டு என் முறை வந்தது. ஓக் மரத்தடியில், பாசி படர்ந்து, தலை மழுங்கி நின்றது கல். பார்த்ததும் காலணியைக் கழற்றிவிட்டேன், கை தானாகக் கூப்பிக்கொண்டது. எங்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டி சாமி இப்படித்தான் கல்லாக நிற்பார். தூக்க வந்தவர்களிடம் நைன், நைன், வேண்டாம் என்று பின்வாங்கினேன். சாமிமேல் எப்படி உட்காருவது? எனக்குத் தெரிந்த ஜெர்மன் அதை விளக்கப் போதவில்லை. ரெனாட்டேயின் முகம் வாடிவிட்டது. எங்கள் ஊர் உனக்கு வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டார்.

வேறு வழியின்றி, எங்கள் நாட்டில் சிலிபினில் இருக்கும் செல்வத்தைப் போனில் அழைத்தேன். தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் என்னோடு வளர்ந்தவன். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"மச்சான், தோட்டத்த அழிக்கிறப்ப நம்ம முனியாண்டி வேன்ல ஏறி என் வீட்டுக்கு வந்தாரே, வழியெல்லாம் எங்க உக்காந்திருந்தாரு தெரியுமா? என் மடியில. சாமி என் மடியில உக்காரலாம், நீ சாமி மடியில உக்காரக் கூடாதா? மன்னிப்புக் கேட்டுட்டு உக்காரு லா."

முதலில் கல்லிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ரெனாட்டேயிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் மற்றவர்களிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தொப்பி போட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தூக்கினார்கள், உட்கார்ந்தேன்.

செல்வம் இன்னும் போனை வைக்கவில்லை. "எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்க மச்சான்?"

குனிந்து பார்த்தேன். வெறும் கால்கள் எங்கள் ஊரின் ஈரப் பாசியில். கல்லுக்கு அந்தப் பக்கம், அயலூர் மண்ணில், நான் கழற்றிவிட்ட காலணிகள் எனக்காகக் காத்திருந்தன.