இன்ஜின் சத்தம் இல்லாத குரல்

எனக்கு நீந்தத் தெரியாது. கடலைப் பார்த்ததும் ஏதோ எப்போதோதான். ஆனால் எத்தனையோ கப்பல்களில் நான் மூழ்கியிருக்கிறேன். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், சாமைக் கொல்லைக்கு நடுவே இருக்கிற எங்கள் வீட்டில், டிவிக்குப் பின்னால் பென் டிரைவைச் செருகிவிட்டு உட்கார்ந்தால் போதும். சுவரெல்லாம் கசிய ஆரம்பிக்கும்.

படங்களைத் தருவது பாய். ஆலங்காயத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற நண்பர். அவரும் கடலோரத்து ஆள் இல்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் கடல் சண்டைப் படம் என்றால் எங்கள் இருவருக்கும் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்துவிடுவார். படம் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது.

"இது தொட்டித் தண்ணிண்ணே. அலையப் பாரு, சுவத்துல முட்டித் திரும்பி வருது."

என் வழி வேறு. நான் சட்டையைப் பார்ப்பேன். போரில் இருக்கிற கப்பலின் சட்டைக்குக் கழுத்தில் எண்ணெய் படிந்திருக்க வேண்டும், கக்கத்தில் உப்பு பூத்திருக்க வேண்டும். சலவை மடிப்போடு ஒரு கேப்டன் வந்தால் நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவேன். பாய்மரக் கப்பல் படங்களில், குண்டு பட்டுச் சாகிறவர்களைவிட, குண்டு பட்ட பலகையின் சிம்பு தெறித்துச் சாகிறவர்கள் அதிகம் என்று காட்டினால், அந்த இயக்குநரை நம்புவேன்.

எல்லாவற்றையும்விட நீர்மூழ்கிப் படங்கள். மேலே எதிரியின் கப்பல் போகும். கீழே அத்தனை முகமும் கூரையைப் பார்க்கும். யாரும் மூச்சுவிட மாட்டார்கள். ஒரு திருகாணி நெகிழும், ஒரு சொட்டு விழும். பயம் என்றால் மௌனம்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கூரைகள்.

ஒரு படத்தில் இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்துவிடும். கப்பலின் மற்ற பகுதியைக் காப்பாற்ற, இரும்புக் கதவை மேலிருந்து மூடச் சொல்வார்கள். உள்ளே ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் தட்டுவார்கள். கொஞ்ச நேரம் தட்டுவார்கள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான், "இதுதாம்பா நிஜம்" என்று சொல்லி, திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன்.

என் மகள் இப்போது சரக்குக் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். அப்பன் போட்ட படத்தைப் பார்த்துத்தான் போனாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவள் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை, பாதியில் தூங்கிவிடுவாள். பக்கத்துக் கொல்லையில் டிராக்டரைப் பிரித்துப் போட்டிருந்தால் மட்டும் சோறு தண்ணி இல்லாமல் நிற்பாள். முதல் கப்பலில் வேலையை முடித்து லீவில் வந்தபோதுதான் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

"இன்ஜின் ரூம்ல நின்னுக்கினு ரெண்டு பேர் லவ் பேசறாங்க பாருப்பா. அங்க காதுல கப்பு மாட்டிக்கினு கைஜாடைதான்."

"அப்ப லவ்வும் ஜாடையிலதானா?" என்றார் பாய்.

"எண்ணெக் கையால ஜாடை காட்டினா எவன் பாய் மாமா பாப்பான்?"

அப்புறம் என்னிடம் திரும்பினாள். "சத்தத்தையே காணோம்ப்பா உன் படத்துல. நெஜக் கப்பல்ல கட்டில்ல சத்தம், பல்லுல சத்தம், டீ கிளாஸ்ல சத்தம். கொஞ்ச நாள்ல அது காதுல வுழாமப் பூடும். ஆனா நின்னுச்சுன்னு வெய்யி, தூங்கறவங்க அத்தினி பேரும் முழிச்சுக்குவோம். நின்னாதான்ப்பா பயம்."

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "அந்த இரும்புக் கதவு உங்க கப்பல்லயும் கீதா?"

"கீதும்மா. தண்ணி பரவாம இருக்க."

பாய் பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த வருஷம் எங்கோ சண்டை மூண்டு, ஒரு குறுகலான கடல்வழியில் போகிற கப்பல்களைச் சுட ஆரம்பித்தார்கள். சரக்குக் கப்பல்களை. எரிகிற கப்பலைச் செய்தியில் காட்டினார்கள். ஒரு படத்திலும் பார்க்காத மட்டமான புகை, ஆடுகிற கேமரா. அதனாலேயே அது நிஜம் என்று தெரிந்தது. அந்த வாரம் நான் ஆலங்காயம் இறங்கியிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"நாங்களும் அந்தப் பக்கம்தான்ப்பா போறோம். கொஞ்ச நாள் பேச முடியாது. அம்மாகிட்ட நெட்டு இல்லன்னு சொல்லிடு."

பாய் கடைக் கம்ப்யூட்டரில், உலகத்துக் கப்பல்களெல்லாம் சின்னச் சின்ன அம்புகளாக ஊர்வது தெரியும். அவளுடையது பச்சை அம்பு. ஒரு காலையில் அது இல்லை.

"ஒளிஞ்சிக்கினு போறாங்கண்ணே. சிக்னல ஆஃப் பண்ணிடுவாங்க. நாம படத்துல பாக்கல?" என்றார் பாய்.

பார்த்திருக்கிறோமே, அதுதான் வினை. என் மனைவியின் பயம் ஒரே சொல்: சாப்பிட்டாளோ. என் பயத்துக்கோ வெளிச்சம் உண்டு, பின்னணி உண்டு, எந்தக் குழாய் முதலில் பிளக்கும் என்பது உண்டு. தண்ணீர் முழங்காலுக்கு வரும்போது எண்ணெய் அதன் மேல் எப்படி மினுங்கும் என்பது உண்டு. இத்தனை வருஷம் நிஜம் நிஜம் என்று நான் தேடிச் சேர்த்ததெல்லாம் கண்ணை மூடினால் வரிசையில் நின்றது.

எங்கள் ஊரில் டவர் கிடையாது. அதனால் தினமும் ஷேர் ஜீப்பில் ஆலங்காயம் இறங்கினேன். மேட்டு முனையைத் தாண்டியதும் ஜீப் டிரைவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடுவார். டீசல் மிச்சம், ஏற்றியிருக்கும் பாரத்திலேயே வண்டி உருண்டு இறங்கும். அப்போது வண்டிக்குள் யாரும் பேசுவதில்லை. பிரேக் முனகுவது டிரைவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம். குழந்தை அழுதால் வாயில் பிஸ்கட்டைத் திணித்துவிடுவார்கள். அடிவாரத்தில் மறுபடி சாவி திரும்பியதும், விட்ட சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அன்றைக்கும் அப்படி உருண்டுகொண்டிருந்தோம். சிக்னல் கிடைக்கிற வளைவில் என் போன் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ். காதில் வைத்தேன்.

"ப்பா, நாந்தான். நல்லா கீறேன். அம்மாகிட்ட சொல்லிடு. அப்பறமா பேசறேன்."

அவ்வளவுதான். ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த அமைதியில்தான் எனக்குக் கேட்டது: அவள் குரலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. உறுமல் இல்லை, அதிர்வு இல்லை, பஞ்சு வைத்து அடைத்த மாதிரி. நின்னாதான்ப்பா பயம். வளைவுக்கு வளைவு, சக்கரத்தின் அடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் 'இன்னா' என்று உதட்டை அசைத்தார். ஒன்றுமில்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

பாய் கடையில், பாட்டுப் போட்டுக் காட்டுகிற பெரிய ஸ்பீக்கரில் போனைச் சேர்த்தார். முழுச் சத்தத்தில் வைத்தார். என் மகளின் மூச்சு கடையை நிறைத்தது. திரும்பத் திரும்பக் கேட்டோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நாங்கள் இருவரும் அண்ணாந்து கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போனுக்கு கிளாஸ் ஒட்ட வந்த ஒருவர் வாசலிலேயே நின்று கேட்டார். "இன்னா பாய், பேய்ப் படமா?"

"அப்பறம் வாப்பா."

என்னைத் தேற்றுவதாக நினைத்து பாய் சொன்னார். "லைஃப் போட்ல இருந்து பேசியிருந்தா தண்ணி மோதற சத்தம் வந்திருக்கணுமேண்ணே. வரல பாரு."

லைஃப் போட் என்கிற ஒன்றை அதுவரை நான் நினைத்திருக்கவில்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டு டீ சொல்லப் போய்விட்டார்.

நான் கடையை விட்டு நகரவில்லை. பள்ளிவாசலில் மதிய பாங்கு சொல்லி முடித்த பிறகு போன் அடித்தது.

"இன்ஜின் ஏம்மா நின்னுச்சு?"

"உனக்கு எப்டித் தெரியும்?"

"கேட்டேன்."

"அட நீ ஒண்ணு. நங்கூரம் போட்டு நிக்கிறோம்ப்பா. மெயின் இன்ஜின நிறுத்தியாச்சு. நான் முன்னாடி கவுறு வெக்கிற ரூமுக்குள்ள நின்னு பேசினேன். அங்க காத்துகூட வராது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அப்ப தாண்டிட்டீங்களா?"

"இன்னும் உள்ளயே போவலப்பா. முறைக்கு நிக்கிறோம். இனிமேதான்."

"போறப்ப நீ எங்க இருப்ப?"

"இன்னா கேள்வி இது. கீழதான்." குரலைத் தாழ்த்தினாள். "நீ அந்தக் கதவ நெனச்சுக்கினு இருக்காத."

"நெனைக்கல."

"நானும்தான்" என்றாள். இருவரும் பொய் சொல்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களை எழுத எனக்குச் சொல் போதாது. சாமையைப் புடைத்தேன், புடைத்ததையே புடைத்தேன். டிவி மேல் துணியைப் போட்டு மூடினாள் மனைவி. பாய் சிரிப்புப் படம் ஒன்று கொடுத்தனுப்பினார், பிரிக்கவில்லை. பிறகு ஒருநாள், குறுகலைத் தாண்டிய அகலக் கடலில், பச்சை அம்பு தானாக முளைத்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். அவள் கத்துகிறாள், பாதி புரியவில்லை, இன்ஜின் அவ்வளவு இரைச்சல். போனை மலைக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மெலிஞ்சுட்டா" என்றாள்.

சரக்கை இறக்கிவிட்டு அந்தக் கப்பல் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். இப்போது புளி உலுக்குகிற காலம். நான் மறுபடி தினமும் இறங்குகிறேன். நேற்று மேட்டு முனையில் டிரைவரின் கை சாவிக்குப் போனது.

"நிறுத்தாதப்பா" என்றேன்.

"இன்னாங்க, டீசல் விக்கிற வெலையில?"

"பயமா கீது."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் மகள் எங்கே இருக்கிறாள் என்பது மலைக்கே தெரியும். கையை எடுத்துவிட்டு, கியரைக் குறைத்தார். இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கியது. இறக்கத்தில் பேசிப் பழகாதவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு புளி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் மருமகன் வாங்கிய பைக்கைத் திட்ட ஆரம்பித்தார். யாரோ மருமகனுக்குப் பரிந்து பேசினார்கள். வளைவு முழுக்க ஒரே கூச்சல். அதற்கு நடுவில் நான், இன்ஜின் இரைச்சலில் அவள் கத்திய அந்த மெசேஜைத் திரும்பப் போட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.